பட்டாணிக்கு ஊன்றிய மிலாறு

"யாரைப் பாத்துக் களவாணின்னு சொல்றீங்க கிளாக்கரய்யா? நெஞ்சுல கைய வெச்சிச் சொல்லுங்க!"

அழகுமுத்து போட்ட சத்தத்தில் தோட்டத்து ஆபீஸ் ஜன்னலே அதிர்ந்தது. பிரஜாவுரிமை விண்ணப்பங்களை விசாரிக்க வந்திருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். தமிழ் நன்றாகவே தெரிந்த மனிதர். ராக்காயி புருஷனின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவன் உதறிவிட்டான்.

கோபம் வராதா பின்னே? மனுப் போட்டு இரண்டு வருஷம் காத்துக் கிடந்து, இன்றைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்கும் அவன் பெற்ற நாலு பிள்ளைகளுக்கும் ஒரு நாடு உண்டா இல்லையா என்பது இந்த மேஜையில்தான் முடிவாகப் போகிறது. அந்த நேரம் பார்த்துப் பெரிய கிளாக்கர் அம்பலவாணர், பத்து வருஷத்துப் பழைய முறைப்பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி வந்து அதிகாரிக்கு முன்னால் விரித்து வைத்தால்?

வைத்ததோடு விட்டாரா? உரக்க வேறு வாசித்தார்.

"'1943 மார்ச் 9. ஐந்தாம் லயம் அழகுமுத்து கவ்வாத்து மலையில் மிலாறு களவெடுத்து, லயத்துக்குப் பின்னால் பட்டாணிக் கொடிகளுக்கு ஊன்றியிருந்தான். அவை சரிந்து பாதையை மறித்துக் கிடந்தன. எச்சரிக்கப்பட்டான்.' கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்தின்ரை கையெழுத்து, சேர்."

மிலாறு என்பது என்ன, தங்கமா? கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் குச்சி. பொம்பளைகள் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து அடுப்பெரிப்பார்கள். ஒரு பயல் கேட்க மாட்டான்.

"அடுப்புல வெச்சா வெறகு, பட்டாணிக்கு ஊனுனா களவா? இது என்னங்கய்யா நியாயம்?" என்று அழகுமுத்து அதிகாரியிடமே கேட்டான்.

"அழகுமுத்து, கனக்கக் கதையாதை," என்றார் அம்பலவாணர். "ஓம், நான்தான் எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் நில்."

ஓமாம்! செய்யாத களவுக்கு ஓம் போட வேண்டுமாம். களவாணிக்கு எந்த அரசாங்கம் பிரஜாவுரிமை கொடுக்கும்? போன மழைக்கு இந்த மனுஷர் வீட்டுக் கூரைத் தகரத்தை ஏறிக் கட்டிக் கொடுத்தது இதே அழகுமுத்துதானே? அந்த நன்றி கொஞ்சமாவது இருக்கிறதா?

"இதில் எழுதியிருப்பதுபோல் செய்தது நீதானா?" அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"சத்தியமா நான் இல்லீங்கய்யா! சரிஞ்சி பாதையில கெடந்துச்சின்னு எழுதியிருக்கே, அதுலயே தெரியலீங்களா? நான் ஊனுனா சரியுமா? கெளை விட்ட மிலாறாப் பொறுக்கி, மொழங்கை ஆழம் எறக்கி, ரெண்டு ரெண்டாத் தலையச் சேத்துக் கட்டுவேன். பட்டாணி அதுபாட்டுக்குப் புடிச்சிக்கிட்டு ஏறும். எந்தக் காத்துக்கும் அசையாது. இது எவனோ வேல தெரியாத பய ஊனுனது!"

"வாய அடக்குங்க. எங்கப்பாதான் ஊனுனாரு," என்றாள் ராக்காயி. பிறகு அதிகாரியிடம், "நாங்க குடியிருந்த லயத்துக் காம்பிரா இவரு பேருல இருந்துச்சுங்கய்யா. அதனால எங்கப்பா பண்ணுனதையும் இவரு பேருலயே எழுதிட்டாங்க," என்றாள்.

"உவளுக்கு ஒண்டும் தெரியாது, சேர்," என்று அவசரமாகக் குறுக்கிட்டார் அம்பலவாணர். அழகுமுத்துவைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். மேஜைக்கடியில் அவன் காலை வேறு மிதித்தார்.

மிரட்டவா செய்கிறார்? அழகுமுத்துவுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

"கண்ண உருட்டுனா பயந்துருவேனா? எங்கிட்ட அத்தாட்சி இருக்கு!"

வீட்டிலிருக்கிற கடுதாசி எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லியிருந்ததால் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தான். முடிச்சை அவிழ்த்து, பழுத்துப்போன ஒரு சீட்டை உருவி மேஜையில் வைத்தான்.

"பாருங்கய்யா. எங்காத்தா செத்துட்டான்னு தந்தி வந்து இந்தியாவுக்குப் போனேன். சண்டை நேரம், லேசுல திரும்பி வர உடல. மண்டபம் கேம்புல குடுத்த சீட்டு இது. போன தேதி, வந்த தேதி ரெண்டும் போட்டிருக்கு. ஒண்ணரை வருஷம் நான் இந்தத் தோட்டத்துலயே இல்ல. அங்க இருந்துக்கிட்டு இங்க வந்து மிலாறு களவெடுக்க எனக்கென்ன றெக்கையா மொளைச்சிருக்கு?"

அதிகாரி சீட்டை இரண்டு தரம் படித்தார். இரண்டு தேதிகளையும் தம் கோப்பில் குறித்துக்கொண்டார்.

"சரி. நீ களவெடுக்கவில்லை. சந்தேகமே இல்லை," என்று சொல்லிக் கோப்பை மூடினார். "போகலாம்."

அழகுமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே வந்த அம்பலவாணரை அவன் விடவில்லை.

"பாத்தீங்களா கிளாக்கரய்யா? எம்பேரைக் கெடுக்கப் பாத்தீங்க, நடக்கல. இனிமே எனக்குப் பிரஜாவுரிமை இல்லைன்னு எவன் சொல்லுவான்?"

அம்பலவாணர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மடையா! நாப்பத்தாறாம் ஆண்டுக்கு முந்தி ஏழு வருசம் விடாமல் இஞ்சை இருந்தவனுக்குத்தானே பிரஜாவுரிமை! அந்த வருசம் வேலைக்கு வந்தவையின்ரை பேர் எழுதின செக்ரோலிலை உன்ரை பேர் இல்லை; அதைக் கறையான் திண்டிட்டுது எண்டு பொய் சொல்லி வைச்சனான். அந்த நேரம் நீ இந்தியாவுக்குப் போகேல்லை, இஞ்சைதான் நிண்டனி எண்டு காட்ட என்னட்டை இருந்தது அந்த ஒரு களவு மட்டும்தானடா!"