வாசலில் தொங்கும் மீசைக்காரன்

ஏழு வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டுகூடச் சிந்தாத நாய் மேஜர். அது மூன்று நாளாகக் கூடத்துக் கால்மிதியை நனைத்துக்கொண்டிருந்தது.

"தினம் தண்ணியில ஊறி, வெயில்ல காய்ஞ்சு, என் நாரெல்லாம் போச்சு. உனக்கு என்னதான் வந்துச்சு மேஜரு?" என்றது கால்மிதி.

மேஜர் காதை மடக்கிக்கொண்டது. "வெளிய எப்படிண்ணே போறது? வாசல்ல ஒருத்தன் தொங்குறான். கொம்பு, கோரைப்பல்லு, இவ்வளவு பெரிய மீசை. கண்ணே சிமிட்ட மாட்டேங்குறான்."

"அட, அது திருஷ்டி பொம்மைடா! வெள்ளிக்கிழமைதான் மாட்டினாங்க. பயமா இருந்தா கொல்லைக் கதவு வழியா போயிட்டு வாயேன்."

"இது எனக்குத் தோணவே இல்லையே!" மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடியது.

அங்கே வீட்டுக்கார அம்மா சௌந்தரவல்லி ஸ்டூல்மேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். "தங்கமா இருந்த நாய். எவ கண்ணு பட்டுச்சோ, இப்படி ஆயிடுச்சு" என்று முனகியபடி, முன்வாசலில் இருப்பவனைவிடப் பெரிய மீசைக்காரன் ஒருவனை அந்தக் கதவில் மாட்டினாள்.

போன வேகத்தில் மேஜர் திரும்பி வந்தது.

கால்மிதி அதன் முகத்தைப் பார்த்தது.

"சரி, வா" என்றது. "கொஞ்சம் ஓரமாப் போ."