ஒரு நாள் யோக்கியம்

“பாய், இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் வண்டியை யோக்கியமாக்கி விட்டுருங்க. சாயங்காலம் வந்து பழையபடி அயோக்கியனாவே ஓட்டிட்டுப் போயிருறேன்.”

ஒச்சப்பன் பெரிய கும்பிடாகப் போட்டார். திண்டுக்கல் பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் நூர் அகமது சிரித்துக்கொண்டே ஒரு தகர டப்பாவைத் திறந்தார்.

உள்ளே துணியில் சுற்றி வைத்த நாசில்கள். என்ஜினுக்குள் டீசலைத் தூறலாகப் பீய்ச்சுகிற சாமான் அது. தேய்ந்துபோனால் வண்டி கரும்புகை கக்கும். ஊரில் கக்குகிற கிழட்டு வேன்களுக்கெல்லாம், ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க எஃப்.சி. காட்டப் போகிற நாளில் மட்டும் இந்த நல்ல செட் இரவலாகப் போய்வரும். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பக்கத்து வீட்டு நகையைப் போட்டுக்கொள்வது மாதிரிதான்.

“புதுசே வாங்கிப் போட்டா என்னண்ணே?”

“புகை பின்னாடி போகுது. நான் முன்னாடி பார்த்துல்ல ஓட்டுறேன். எனக்கென்ன பாய்?”

நூர் அகமது என்ஜின் மூடியைத் திறந்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனார்.

“தெனமும் சேவுகம்பட்டி வழியாத்தானே காய்கறி லோடுக்குப் போறீக? மகளைப் பார்த்தீகளா?”

ஒச்சப்பன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரே மகள் தமிழ்மதி. சேவுகம்பட்டி அமலனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள், கட்டியும் கொண்டாள். மாப்பிள்ளை சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்று இவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. போன வருஷம் பேத்தி பிறந்த சேதி வந்தபோதும் வீம்பு விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவருக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை என்பது வேறு கதை.

“ரோட்டோரமாத்தேன் நிக்கிறா. என் வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு முதுகைக் காட்டிருவா. பெத்த அப்பன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலை. எனக்கு மட்டும் ரோசம் இல்லையா? அந்த இடத்துல ஒரு மிதி மிதிச்சுப் பறந்துருவேன்.”

நூர் அகமது கடைசி நாசிலை முறுக்கினார். “சாயங்காலம் நாசிலைக் குடுத்துரணும்ணே. நாளைக்குப் பெரியகருப்பன் வண்டிக்கு எஃப்.சி.”

எஃப்.சி. பார்க்கிற மைதானத்தில் இன்ஸ்பெக்டர் புகைக்குழாயில் கருவியைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். வண்டி அப்படியொரு நல்ல பிள்ளையாக உறுமியது.

“பழைய வண்டின்னாலும் நல்லா பராமரிக்கிறீங்களே!”

பாராட்டை ஒச்சப்பன் கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் லோடு ஏற்றக் கிளம்பினார். செம்பட்டி தாண்டியதும் தற்செயலாகக் கண் பக்கத்துக் கண்ணாடிக்குப் போனது. வழக்கமாக அதில் கருப்பைத் தவிர ஒன்றும் இருக்காது.

இன்று ரோடு இருந்தது.

தாண்டி வந்த புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக்கொண்டே போயின. ஒரு தென்னந்தோப்பு, ஒரு வாய்க்கால், அதில் விழுந்து கிடந்த வானம். சைக்கிளில் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வரும் ஒரு ஆள். எல்லாம் சத்தமில்லாமல் மிதந்து மிதந்து தூரம் போயின. இம்புட்டும் நம்ம முதுகுக்குப் பின்னாடியா இருந்துச்சு? வேறு யாருடைய கனவுக்குள்ளேயோ வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது அவருக்கு. வேகம் குறைந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தித் திட்டிவிட்டுப் போனான், அதுவும் உறைக்கவில்லை.

சேவுகம்பட்டி விலக்கு வந்தது.

வேப்பமரத்தடியில் தமிழ்மதி நின்றாள். வண்டிச் சத்தம் கேட்டாள். முந்தானையைப் போர்த்திக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

கனவு அறுந்துபோனது. ஒச்சப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. வழக்கம்போல ஒரு மிதி மிதித்தார். வண்டி பாய்ந்தது. புகைதான் வரவில்லை.

கண்ணாடியில் தமிழ்மதி திரும்பினாள். அவள் போர்த்தியிருந்த முந்தானையை உள்ளிருந்து ஒரு குட்டிக் கை தள்ளியது. பிறகு ஒரு தலை எட்டிப்பார்த்தது. தமிழ்மதி ரோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தாள், புகையைக் காணோமே என்று திகைத்த மாதிரி. அப்புறம் பிள்ளையை உயரத் தூக்கி, போகிற வண்டியை விரல் நீட்டிக் காட்டினாள். பிள்ளை கையாட்டியது. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அது பழகின கை.

ஒச்சப்பனின் கால் பிரேக்கைத் தேடியது.

சாயங்காலம் வண்டி பட்டறைக்கு வந்தபோது நூர் அகமது டப்பாவோடு தயாராக நின்றார்.

“கழட்டிரலாமாண்ணே?”

“கழட்டுங்க பாய். ஆனா பழசைத் திரும்ப மாட்டாதீக. புதுசு போடுற வரைக்கும் வண்டி இங்கயே கிடக்கட்டும்.”

“அப்ப நாளைக்கு லோடு?”

“வேற வண்டி பார்த்துக்கிறட்டும். நான் பஸ்ல சேவுகம்பட்டி போறேன்.”

“அட, மக பேசிருச்சா?”

ஒச்சப்பனின் சட்டைத் தோளில் பிள்ளையின் எச்சில் இன்னும் காயவில்லை. துண்டை எடுத்து அதைத் துடைக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“புள்ளைக்குத் தாத்தனைக் காட்டத்தேன் மக தெனமும் ரோட்டுக்கு வருதாம் பாய். நான் விட்டுட்டுப் போற புகை அடங்குற வரைக்கும், புள்ளை முந்தானைக்குள்ள இருமிக்கிட்டே கையாட்டுமாம்.”