எழுந்து நிற்பவர்

ராஜபாளையத்தில் ஷிப்ட் முடிந்த சாயங்காலம். மில் வாசல் டீக்கடையில், தலைமுடியில் பஞ்சு ஒட்டிய ஆட்கள் பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து டிவியில் வளைகுடாப் போரைப் பார்க்கிறார்கள். விமானத்திலிருந்து எடுத்த படம். நடுவில் குறிபார்க்கும் கோடுகள், அவற்றின் கீழே தீப்பெட்டி போல ஒரு கட்டடம். சத்தமே இல்லாமல் அது வெள்ளைப் புகையாகிறது. ஒருவன் விசிலடிக்கிறான். மில் வாட்ச்மேன் ஐயாதுரை மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். எழுபத்தொன்றாம் வருஷப் போரில், தன் படை சுட்டு வீழ்த்திய எதிரிச் சிப்பாய்களைப் புதைத்த குழியருகே அவர் நின்ற அதே விறைப்பு. குதிகால்கள் சேர்ந்திருக்கின்றன. மூடிய கைகள் தொடையோடு ஒட்டியிருக்கின்றன. திரையின் வெளிச்சம் நரைத்த மீசையில் நடுங்குகிறது.

"அண்ணாச்சி, மறைக்குது. உக்காருங்க," என்கிறான் பின்னாலிருக்கும் ராஜரத்தினம்.

"உள்ள ஆளுக இருந்திருப்பாகல்ல," என்கிறார் அவர், திரும்பாமல்.

"அது யாருக்குத் தெரியும்? ஆனா எம்புட்டு தூரத்துல இருந்து அடிக்கான், குறி தப்பல பாத்தியளா."

ஐயாதுரை உட்கார்ந்து டம்ளரை எடுக்கிறார். டீயில் ஆடை படிந்திருக்கிறது. திரையில் மறுபடியும் கோடுகள், தீப்பெட்டி, புகை. மறுபடியும் விசில்.

"இது வேற கட்டடமா?" என்று கேட்கிறார்.

"அதேதான் அண்ணாச்சி. திரும்பக் காட்டுதான்."

ஐயாதுரை டம்ளரைக் கீழே வைக்கிறார். மறுபடியும் எழுந்து நிற்கிறார். பலகையில் அவர் விட்ட இடம் உடனே நிறைந்துவிடுகிறது.