க்ரெவிஸ் என்ற சொல்

"டீச்சர், க்ராக், க்ரெவிஸ் ரெண்டும் ஒண்ணுதானே?" பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தீயணைப்பு வீரன் ஒருவன் கேட்டான்.

பலகையில் எழுதிக்கொண்டிருந்த யூவென் திரும்பவில்லை.

தைவானின் கிழக்குக் கரையில் நிலநடுக்கம் வந்தால் வெளிநாட்டு மீட்புக் குழுவோடு பேசத் தெரியவேண்டும் என்பதற்காக தீயணைப்பு நிலையத்தில் நடத்துகிற ஆங்கில வகுப்பு அது. பட்டியலில் க்ரெவிஸ் என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடத்தான் அவள் நினைத்திருந்தாள்.

கடைசி வரிசையில் கூ தெமிங் உட்கார்ந்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன் அவர்தான் இங்கே தலைவர்.

அந்த வருஷ நிலநடுக்கத்தன்று, சரிந்துகிடந்த கட்டடத்தின் பின்சுவரைக் காட்டி, மீட்புக்கு வந்த வெளிநாட்டுக்காரர் அந்தச் சொல்லைத்தான் கத்தினார். மொழிபெயர்க்க வந்த யூவென் அதைக் கேட்டதே இல்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம்.

"சுவர்ல விரிசலாம்" என்றாள்.

விரிசல் விட்ட சுவர் எந்த நேரமும் விழும். தெமிங் ஆட்களைப் பின்வாங்கச் சொல்லி, மறுபக்கத்திலிருந்து தோண்டவைத்தார். நான்கு மணி நேரம் ஆனது. உள்ளே இருந்த பெண் இறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

அவள் யாரென்று யூவென் விசாரிக்கவில்லை. துணிவு வரவில்லை.

பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொன்னது. தெமிங் மறுத்துப் பேசாமல், தானாகவே பதவியை விட்டு இறங்கிக்கொண்டார். மறுநாளே அகராதியில் சரியான அர்த்தத்தைப் பார்த்துவிட்ட யூவெனும் பேசவில்லை.

அதன்பிறகு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தாலும், உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோலவே அவளுக்குக் கேட்கும்.

"ஒண்ணு இல்ல" என்றாள் இப்போது. "க்ராக்னா விரிசல். க்ரெவிஸ்னா இடுக்கு. அன்னைக்கு இருந்ததுல ஆள் உடம்பைக் குறுக்கிக்கிட்டு உள்ள போயிருக்கலாம்."

கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அந்த வெளிநாட்டுக்காரர் சொன்னது க்ரெவிஸ். நான்தான் உங்ககிட்ட தப்பாச் சொல்லிட்டேன்."

பாக்கு மென்றவன் மெல்வதை நிறுத்தினான்.

தெமிங் அந்தச் சொல்லை நோட்டில் எழுத்துக்கூட்டி எழுதினார். பக்கத்தில் அர்த்தத்தையும் எழுதினார். பிறகு எழுந்து முன்னால் வந்தார். யூவென் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதை என் பொண்ணுகிட்ட ஒரு தடவை வந்து சொல்லுவீங்களா டீச்சர்? ஆறு வருஷமா அவ என்கூடப் பேசறதில்ல. உள்ள இருந்தது அவ அம்மா."