மான்கொம்புப் பொத்தான்

"உங்கப்பன் திருடன்! இந்தப் படமே சாட்சி!"

அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பக்கத்து நீதிமன்றத்தின் கீழ்த்தளம். சுவர் முழுக்க, கண்காட்சிக்காக அந்த வட்டாரத்தின் பழைய கிராமத்துப் புகைப்படங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஹோபர்ட் மல்லின்ஸ் செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு நின்றார்.

படம் மாட்டிக்கொண்டிருந்த ஆர்ஃபா சைஸ்மோர் ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினாள்.

"வாய்யா ஹோபர்ட்டு. இத்தனை வருஷம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டு, பேசுற முதல் பேச்சே இதுவா?"

"பேப்பர்ல வந்த படத்துல உங்கப்பன் போட்டிருக்கானே, அது எங்கப்பா கோட்டு. மூணாவது பொத்தானைப் பாரு, மான்கொம்பு. எங்கப்பா செதுக்கி எங்கம்மா தைச்சது."

ஹோபர்ட் சிறுவனாக இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில் அவர் அப்பா வெறும் சட்டையோடு வீட்டுக்கு வந்தார். "கோட்டு தொலைஞ்சு போச்சு" என்றார். பனி உருகும்வரை தீவனச் சாக்கைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூடத்தில் ஹோபர்ட்டை 'சாக்கு மவனே' என்று கூப்பிட்டார்கள். அதோடு பள்ளிக்கூடத்துப் பக்கமே ஹோபர்ட் போகவில்லை. சிரித்த ஒவ்வொரு வாயும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதில் ஆர்ஃபாவின் வாயும் ஒன்று.

"பேப்பர்காரங்க பாதியை வெட்டிட்டாங்கய்யா. முழுசா வந்து பாரு" என்றாள் ஆர்ஃபா.

ஜன்னலோரம் மாட்டியிருந்தது அந்தப் படம். வெளியே மலையை மூடியிருந்த பனிமூட்டத்தின் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. படத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்கடியில் நிற்பவர்கள்போல் தெரிந்தார்கள்.

ஆர்ஃபாவின் அப்பா நிற்கவில்லை. சவப்பெட்டிக்குள் இருந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி, ஒரு படமாவது மிஞ்சட்டும் என்று பெட்டியை வாசலில் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சுற்றிலும் மனைவி, மக்கள். தரையெல்லாம் பனி.

"அந்தக் கோட்டோடதான் புதைச்சோம்" என்றாள். "வீட்ல உப்புக்கும் வழியில்லாத வருஷம். ஆனா, 'உங்கப்பா கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு கௌரவமாப் போனாரு'ன்னு சொல்லிச் சொல்லியே எங்கம்மா எங்களை ஆளாக்கினா. அதைப் போயி திருட்டுக் கோட்டுங்கிறியே..."



 ஹோபர்ட்டின் கண் படத்தின் ஓரத்தில் நின்றிருந்தது. அங்கே, பெட்டி சாயாமல் ஒருவர் தாங்கிப் பிடித்திருந்தார். அத்தனை பனியிலும் வெறும் சட்டை.

"இது யாரு?"

"யாரோ. அன்னிக்கு அழுகையில நாங்க யாரும் கவனிக்கலை, அம்மாவும் சொன்னதில்லை. படம் எடுக்கையில தலையை அசைச்சுட்டாரு போல. முகம் புகையாப் போயிருச்சு."

ஹோபர்ட்டுக்கு முகம் வேண்டியிருக்கவில்லை. மரம் விழுந்து சரிந்துபோன அப்பாவின் அந்த இடது தோள்மேல் சின்ன வயதில் உட்கார்ந்து எத்தனை முறை ஓடை தாண்டியிருக்கிறார்!

விரலால் அந்தத் தோளைத் தொட்டார். சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

"இத்தனை பேர் முன்னால கத்தினியே, இத்தனை பேர் முன்னாலயே சொல்லு" என்றாள் ஆர்ஃபா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அது யார் கோட்டு?"

ஹோபர்ட் செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் செருகினார்.

"உங்கப்பாவோடதுதான், ஆர்ஃபா. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."