கர்லரில் எண்ணெய்ப் பிசுக்கு

"முடியைச் சுட்டுப் பொசுக்குற மெஷினெல்லாம் இந்த வீட்டுக்கு ஆகாது."

சௌரிராஜன் இதை மருமகளிடம் சொல்லவில்லை, கையிலிருந்த செய்தித்தாளிடம் சொன்னார். ஆனால் தமிழில் சொன்னார். அந்த வீட்டில் பேச்சு எப்போதும் சௌராஷ்டிரம்தான். கோபம் வந்தால் மட்டும் அவர் தமிழுக்கு மாறிவிடுவார். மதுரை வில்லாபுரத்தில் அக்கம்பக்கம் நாலு வீட்டுக்காவது புரிய வேண்டாமா?

மெஷின் என்றது, மருமகள் ஸ்ரீவர்ஷினி முடியைச் சுருட்டிக்கொள்ளப் புதிதாக வாங்கிய கர்லரை. கைப்பிடியில் சின்னத் திரை, எத்தனை டிகிரி சூடு என்று எண் காட்டும். கம்பியின் அடியில் ஒரு புள்ளி உண்டு. அணைத்த பிறகும் கம்பி ஆறும் வரை அது சிவப்பாகவே இருக்கும், யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதென்று.

ஞாயிற்றுக்கிழமை மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். ஸ்ரீவர்ஷினி இந்த வீட்டுக்கு வந்த பிறகு சொந்தபந்தம் மொத்தமும் கூடுகிற முதல் விசேஷம். முடியைச் சுருள் சுருளாக விட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. மாமனார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். இறுக்கப் பின்னி, பூ வைத்து, லட்சணமாக வர வேண்டுமாம்.

மாமியார் சூடாமணி ஆமாம் என்று தலையாட்டினாள். கணவன் கார்த்திகேஷ் தட்டிலிருந்த இட்லியை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவள், கர்லரை எடுத்துக் கண்காணாத இடத்தில் வைத்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள். புள்ளி சிவப்பாக இருந்தது.

அவள் அதைத் தொட்டே நாலைந்து நாளாகிறது. கம்பியில் வேறு பிசுபிசுவென்று எண்ணெய். மோந்து பார்த்தால் விளக்கெண்ணெய். அவள் கர்லர் வைக்கும்போது தலையில் சொட்டு எண்ணெய் இருக்காது. இந்த வீட்டில் எண்ணெய் வழிய வழியத் தலை சீவுகிற ஆள் ஒருத்திதான்.

கூடத்தில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்த மாமியாரிடம் நேராகவே கேட்டாள். சூடாமணி குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தாம்மா எடுத்தேன். சும்மா வச்சுப் பாத்தேன். மாமாகிட்ட சொல்லிறாத."

ஸ்ரீவர்ஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அந்தத் தலையாட்டு ஆட்டிவிட்டு, சாயங்காலம் ஆள் இல்லாத நேரத்தில் சுருட்டல் நடக்கிறதா? தனக்கு ஒரு நியாயம், மருமகளுக்கு ஒரு நியாயமா? கார்த்திகேஷிடம் கொட்டித் தீர்த்தாள். எங்க அம்மாவா என்று சிரித்துவிட்டு அவன் நழுவிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கி வைத்த முகத்தோடும் இறுக்கிப் பின்னிய ஜடையோடும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். மாமியாரோடு இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை.

வந்ததும் வராததுமாகச் சூடாமணி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள். மணமகன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழ் போட்டாள். உள்ளே ஒரே கருகல் வாடை.

சௌரிராஜன் பல்வலிக்காரரைப் போல வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல், வீட்டிலிருந்து கொண்டுவந்த அவளுடைய கர்லர். திரையில் இருநூற்று முப்பது.

"காட்டுங்க அவகிட்ட," என்றாள் சூடாமணி.

துண்டு இறங்கியது. வலது பக்கத்து மீசை ஜம்மென்று முறுக்கிக்கொண்டு நின்றது. இடது பக்கத்தில் மீசையே இல்லை. பொசுங்கிய அடிக்கட்டைதான் இருந்தது.

"விளக்கெண்ணெய் தடவுனா நல்லா நிக்கும்னு நெனைச்சேன்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பொண்ணு பாக்க வந்தப்ப இவருக்கு முறுக்கு மீசை வர்ஷினி. அதைப் பாத்துத்தான் நான் சரின்னேன். போன மாசம் வாய் சும்மா இல்லாம, இப்பத் தொங்கிப் போச்சேன்னு சொல்லித் தொலைச்சேன். மனுசன் அதை மனசுல போட்டுக்கிட்டு, நீ ஆபீஸ்லேருந்து வர்றதுக்குள்ள தெனமும் கண்ணாடி முன்னாடிதான்."

அதற்கு மேல் சூடாமணியால் சொல்ல முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஸ்ரீவர்ஷினிக்கு வெட்கமாகிவிட்டது. புருஷன் மானம் போகக் கூடாதென்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டவளைப் போய், இரண்டு நாளாக என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். வலது மீசையைக் கத்தரித்துக் கொஞ்சம் குறைத்தாள். இடது பக்கத்தைப் புருவப் பென்சிலால் வரைந்தாள்.

"கலசத் தண்ணி ஊத்துவாங்களேம்மா. கரைஞ்சுராதா?"

"மழையே பெஞ்சாலும் கரையாது மாமா. ஆடாம இருங்க."

முடிந்ததும் அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியுமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மருமகளின் ஜடையைப் பார்த்தார். சடங்குக்கு இன்னும் நேரமிருக்கிறது, அதைப் பிரித்து இஷ்டப்படி சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

சுருள் சுருளாக விட்ட முடியோடு ஸ்ரீவர்ஷினி மேடையேறியதும், முன்வரிசையிலிருந்து சௌரிராஜனின் அக்கா ஆரம்பித்துவிட்டாள். இதென்ன கோலம், நல்ல முடியை இப்படியா சுட்டுப் பொசுக்குவது, கேட்பார் இல்லையா என்று சௌராஷ்டிரத்தில் பொரிந்து தள்ளினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

சௌரிராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழுக்கு மாறினார். போச்சு என்று கார்த்திகேஷ் கண்ணை மூடிக்கொண்டான்.

"என் மருமக முடியைப் பத்தி யாரும் பேச வேண்டாம்க்கா," என்றார் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "சுருட்டுறதுல ஒரு தப்பும் இல்ல. எண்ணெய் தடவக் கூடாது, அம்புட்டுதான்."