மூடியைக் கையில் வைத்திருந்தவர்

“அப்போ அது நம்ம பேனா இல்லையா, வாப்பா?”

மகள் ஏழு வயதில் கேட்டது. அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ்.

அவர் முன்பின் தெரியாத ஒரு வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையை மறுபடியும் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

மேலப்பாளையத்திலிருந்து சாயர்புரத்துக்கு இரண்டு பஸ். இரண்டிலும் இடம் இருந்தது. நின்றுகொண்டேதான் வந்தார்.

பச்சைப் பேனா. கறுப்பு மூடி.

நாற்பத்தாறு வருடத்துக்கு முன்பு, பத்திர ஆபீஸில் வீட்டுக் கிரயத்துக்குக் கையெழுத்துப் போட, அவருடைய வாப்பா பக்கத்தில் நின்ற ஒருவரிடம் பேனா கேட்டார். அந்த மனிதர், எல்லோரும் செய்வதுபோல, மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுத்தார். மூடி கையில் இருந்தால் பேனா தானாகத் திரும்பி வரும்.

கூட்டம். அவசரம். வீட்டுக்கு வந்துதான் வாப்பா தன் பையில் அந்தப் பேனாவைப் பார்த்தார்.

வாங்கிய வீடு நிலைத்தது. கைராசியான பேனா என்றார்கள். வேறு மூடி வாங்கிப் போட்டார்கள். குடும்பத்தில் எந்த நிக்காஹ் என்றாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட அந்தப் பேனாதான். வாப்பா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஏழு வயது மகள் மட்டும் சிரிக்கவில்லை.

வாப்பா மௌத்தான பிறகு பேனா இவரிடம் வந்தது. மகளின் நிக்காஹுக்கும் அதுதான் என்று வீட்டில் பேச்சு. இவருக்குத் தூக்கம் போயிற்று.

பேனாவின் உடம்பில் பொடி எழுத்தில் வெட்டியிருந்தது: ஞானசிகாமணி, ஆசிரியர், சாயர்புரம்.

ஊரும் பேரும் இருந்தன. நாற்பத்தாறு வருடமும் இருந்தன.

ஞானசிகாமணி சார் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றாள் அவருடைய மகள் எப்சிபா. வந்தவர் அப்பாவிடம் படித்தவர் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சுவரில் சாரின் கலர் படம். வெள்ளைச் சட்டை. பையில் குத்திய பச்சை மூடி.

இவர் பார்ப்பதைப் பார்த்து அவள் சிரித்தாள்.

“அது பேனா இல்ல அண்ணாச்சி, வெறும் மூடி. பேனாவ யாரோ இரவல் வாங்கிட்டுப் போயிட்டாவ. வேற வாங்க அப்ப வசதி இல்ல. பேனா இல்லாம வாத்தியார் எப்படிப் பள்ளிக்கூடம் போறதுன்னு, அப்பா மூடிய மட்டும் குத்திட்டுப் போவாவ. ஒரு பிள்ளைக்கும் தெரியாது.”

காப்பி போட உள்ளே போனாள்.

பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

கையில் கொடுத்தால் அவள் பரவாயில்லை என்பாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தப் பரவாயில்லையையும் இந்த வீட்டிலிருந்தே வாங்கிக்கொண்டு போவதா?

எழுந்தார்.

படத்துக்குக் கீழே மேஜையில் வேதாகமம். அதன்மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடி. தினமும் எடுத்து வாசிக்கிறாள் போல.

கண்ணாடியை எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிப் புத்தகத்தைத் திறந்தார். நாடா கிடந்த பக்கத்தில், மூடியை நன்றாகத் திருகி இறுக்கி, பேனாவை வைத்தார். மூடினார். அட்டை லேசாகத் தூக்கி நின்றது. கண்ணாடியைப் பழையபடியே அதன்மேல் வைத்தார்.

அடுக்களையில் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அது நிற்பதற்குள், சாரின் முகத்தைப் பார்த்து, வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார்கள் என்றார்.